பிக்கப்புக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

ஃபோக்ஸ்வாகன் வெர்ட்டஸ் 1.0 டிஎஸ்ஐ வாங்குபவருக்கு ஆலை கொடுப்பது 115 குதிரைத்திறன், 178 நியூட்டன் மீட்டர் டார்க். அதே ஷோரூமில் பக்கத்திலேயே நிற்கும் 1.5 ஜிடி-யில் 150 குதிரைத்திறன், 250 நியூட்டன் மீட்டர். தோற்றத்தில் அண்ணன் தம்பி. விலையில் லட்சக்கணக்கில் இடைவெளி. அந்த இடைவெளிக்குள் ஒரு தனித் தொழிலே நடக்கிறது. கோவையில் கோட் 6, கொச்சியில் பீட்ஸ், பெங்களூரில் இன்னும் சில பட்டறைகள் என்று தென்னிந்தியாவில் கார் டியூனிங்குக்குப் பெயர் வாங்கிய இடங்கள் உண்டு. சின்ன இன்ஜினை வாங்கு, மிச்சமான பணத்தில் கொஞ்சத்தைப் போட்டுப் பெரிய இன்ஜினின் வேகத்தை எடு. இதுதான் இந்தத் தொழிலின் மொத்தக் கவர்ச்சி.

கவர்ச்சிக்குப் பின்னால் ஒரு வரிக் கணக்கும் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் மாற்றி அமைத்த விகிதப்படி, 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை விலையுள்ள காருக்கு ஆயுட்கால சாலை வரி 18 சதவீதம். உயர்ந்த வேரியன்டுக்காகக் கூடுதலாகக் கொடுக்கும் ஒவ்வொரு 2 லட்சத்துக்கும் 36,000 ரூபாய் வரியாகவே போய்விடும். இன்ஜின் கணினியின் கணக்கை மாற்றி எழுதும் ஸ்டேஜ் 1 ரீமேப்புக்குப் பட்டறைகள் வாங்குவதும் ஏறக்குறைய அந்தத் தொகைதான். அரசுக்குக் கட்ட வேண்டிய வரிப் பணத்தில் பிக்கப் வருகிறது என்றால் யாருக்குத்தான் கை அரிக்காது?

முதலில் எல்லோரும் தொடுவது ஏர் ஃபில்டர். ஒரிஜினல் காகித ஃபில்டரைக் கழற்றிவிட்டு, எண்ணெய் தடவிய பருத்தித் துணி ஃபில்டரைப் பொருத்துவார்கள். கே&என் பெயர் எல்லோருக்கும் தெரியும். விலை சில ஆயிரம். பொருத்தப் பத்து நிமிடம் போதும், ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரிந்தவர் வீட்டிலேயே செய்துவிடலாம். அதற்குத் தனியாக ஃபிட்டிங் சார்ஜ் போடும் கடைகளும் உண்டு. ஓட்டிப் பார்த்தால் என்ன மாறுகிறது? ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது காற்றை உறிஞ்சும் சத்தம் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும். அவ்வளவுதான். சத்தத்தை வேகம் என்று காது நம்பிவிடுகிறது. கழுவித் திரும்பப் பயன்படுத்தலாம் என்பது உண்மையான லாபம். ஆனால் கழுவிய பிறகு எண்ணெயை அதிகமாகத் தடவிவிட்டால், காற்றோட்டத்தை அளக்கும் சென்சார் உள்ள கார்களில் அது போய் சென்சாரில் படியும்.

ரீமேப் கதை வேறு. டர்போ இன்ஜினில் காற்றை எவ்வளவு அழுத்தத்தில் தள்ள வேண்டும், எரிபொருளை எவ்வளவு தெளிக்க வேண்டும், பொறியை எந்த நொடியில் விட வேண்டும் என்பதையெல்லாம் ஈசியூ என்கிற கணினிதான் முடிவு செய்கிறது. உலகின் எல்லா ஊர் பெட்ரோலுக்கும், எல்லா ஊர் வெயிலுக்கும், கவனமில்லாத ஓட்டுநருக்கும் சேர்த்துத்தான் ஆலை அந்தக் கணக்கை எழுதியிருக்கும். அதில் கொஞ்சம் இடம் மிச்சம் இருக்கும். அந்த மிச்சத்தை எடுத்துப் பயன்படுத்துவதே ஸ்டேஜ் 1. டர்போ இல்லாத சாதாரண பெட்ரோல் இன்ஜினில் இதே வேலைக்குக் கிடைக்கும் பலன் மிகச் சொற்பம். மாருதி டிசைர், ஹூண்டாய் ஐ20 1.2 போன்றவற்றுக்கு இந்தச் செலவு வீண்.

ஸ்டேஜ் 1 செய்த வெர்ட்டஸ் 1.0 மேனுவலை நெடுஞ்சாலையில் ஓட்டிப் பார்க்கும் யாரும் வித்தியாசத்தை மறுக்க மாட்டார்கள். 2,000 ஆர்பிஎம் தாண்டியதும் கார் முன்னுக்கு இழுக்கிறது. கோவை – பாலக்காடு சாலையில் லாரியைத் தாண்ட, ஆலையிலிருந்து வந்த காரில் நாலாவதிலிருந்து மூன்றாவது கியருக்கு இறங்க வேண்டிய இடத்தில், இது நாலாவதிலேயே போய்விடும். ஆனால் நகரத்துக்குள் ஏமாற்றம். சிக்னலில் நின்று கிளம்பும்போதும், ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கி இரண்டாவது கியரில் தவழும்போதும் 1.0 டிஎஸ்ஐ காட்டும் அந்தப் பழைய தயக்கம் அப்படியே இருக்கிறது. 1,500 ஆர்பிஎம்முக்குக் கீழே டர்போவைச் சுற்றப் போதுமான புகை வருவதில்லை. இல்லாத அழுத்தத்தை மென்பொருளால் உண்டாக்க முடியாது. 'சிட்டியில் பிக்கப் இல்லை' என்பதற்காக ரீமேப் செய்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

வெயிலும் ஒரு கை பார்க்கும். மே மாதச் சென்னையில் டர்போ அழுத்தித் தரும் காற்று ஏற்கனவே கொதித்துக் கிடக்கும். இன்ஜின் தட்டாமல் இருக்க ஈசியூ பொறியைத் தாமதப்படுத்தும். காசு கொடுத்து வாங்கிய குதிரைகளில் சில மதிய நேரத்தில் லாயத்துக்குத் திரும்பிவிடும். பெட்ரோலும் அப்படித்தான். 95 ஆக்டேனுக்கு எழுதிய ரீமேப் ஃபைலுக்கு எக்ஸ்பி95 போன்ற பிரீமியம் பெட்ரோல்தான் வேண்டும். லிட்டருக்கு ஏழெட்டு ரூபாய் கூடுதல் என்று வைத்தால், மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடி லிட்டருக்கு 14 கொடுக்கும் காருக்கு மாதம் ஐநூறு ரூபாய்க்கு மேல். நாலு வருடத்தில் 25,000 ரூபாய். ரீமேப் விலையைச் சொல்பவர்கள் இந்தக் கணக்கைச் சொல்வதில்லை.

இனி வேலை நடக்கும் விதம். லேப்டாப்பைச் செருகி அரை மணி நேரத்தில் முடிக்கும் வேலைக்கு இவ்வளவா என்று வாடிக்கையாளர்கள் முகம் சுளிப்பது வழக்கம். உண்மையில் பணம் கொடுக்க வேண்டியது அந்த அரை மணி நேரத்துக்குத்தான். ஈசியூவில் புது ஃபைல் எழுதிக்கொண்டிருக்கும்போது பேட்டரி வோல்டேஜ் இறங்கினால் ஈசியூவே செத்துப்போகலாம். ஆகவே நல்ல பட்டறையில், எழுதுவதற்கு முன் பேட்டரியில் ஸ்டெபிலைசரை மாட்டுவார்கள். ஒரிஜினல் ஃபைலைப் படித்துப் பத்திரப்படுத்துவார்கள். சில புதிய கார்களில் ஈசியூவைக் கழற்றி மேசை மீது வைத்துத்தான் திறக்கவே முடியும். பிறகு காரை சாலையில் ஓட்டி, பொறி எத்தனை டிகிரி பின்வாங்குகிறது, டர்போ அழுத்தம் கேட்ட அளவுக்கு வருகிறதா என்று பதிவு எடுத்துப் பார்ப்பார்கள். இந்த ஓட்டம் இல்லாமல் 'முடிஞ்சுது சார்' என்று சாவியைக் கொடுத்தால், பொதுவான ஒரு ஃபைலைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று அர்த்தம்.

எண்களை நம்பவும் ஒரு முறை உண்டு. டைனோ என்ற அளவீட்டு இயந்திரத்தில், சக்கரத்தில் அளக்கும் திறன், ஆலை சொல்லும் இன்ஜின் திறனைவிட எப்போதும் குறைவாகவே வரும்; கியர்பாக்ஸும் அச்சும் தங்கள் பங்கை எடுத்துக்கொள்ளும். சில கடைகள் அந்த இழப்பைத் தாராளமாகக் கூட்டி எழுதி எண்ணை ஏற்றிக் காட்டும். ஒரே நாளில், ஒரே டைனோவில், மாற்றுவதற்கு முன்னும் பின்னும் அளந்த இரண்டு தாள்கள் இருந்தால் மட்டுமே பேச்சு.

இன்ஜினைத் தாண்டியும் யோசிக்க வேண்டும். 1.5 ஜிடி-யில் வரும் ஏழு கியர் டிஎஸ்ஜி, டிக்யூ200 என்ற உலர் கிளட்ச் கியர்பாக்ஸ். அதன் தாங்கும் எல்லை 250 நியூட்டன் மீட்டர். ஆலையே 250-ஐக் கொடுத்துவிட்டது. அதற்கு மேல் ரீமேப்பில் ஏற்றுவது எல்லைக் கோட்டில் நிற்கும் கிளட்ச்சை அந்தப் பக்கம் தள்ளுவதுதான். அந்தக் கிளட்ச் மாற்றும் செலவு ரீமேப் செலவை விழுங்கிவிடும். டிஎஸ்ஜி வைத்திருப்பவர்கள் இந்தப் பக்கமே போகாமல் இருப்பது புத்திசாலித்தனம்.

வாரன்டி? வெர்ட்டஸுக்கு 4 வருடம் அல்லது 1 லட்சம் கிலோமீட்டர். ஈசியூவில் கை வைத்த காரை சர்வீஸ் சென்டரின் கணினி கண்டுபிடித்தால், ஃபோக்ஸ்வாகன் குழுமத்தில் டிடி1 என்ற குறியீடு அந்தக் காரின் பதிவில் ஏறும். பழைய ஃபைலைத் திரும்பப் போட்டுவிட்டால் தெரியாது என்பது பாதி உண்மை. எத்தனை முறை எழுதப்பட்டது என்ற எண்ணிக்கையை ஈசியூ வைத்திருக்கும். ஈசியூவைத் தொடாமல், சென்சாருக்கும் ஈசியூவுக்கும் நடுவில் செருகும் டியூனிங் பாக்ஸ்கள் உண்டு. உண்மையான அழுத்தத்தைக் குறைத்துச் சொல்லி ஈசியூவை ஏமாற்றும் பெட்டி அது. சர்வீஸுக்கு முன் கழற்றிவிடலாம் என்பதே அதன் விற்பனை மந்திரம். ஆனால் பொறிக்கும் எரிபொருளுக்கும் தனித்தனியாகக் கணக்கு எழுதாமல் அழுத்தத்தை மட்டும் ஏற்றுவதால், ஓட்டும்போது ரீமேப்பின் சீர் அதில் வருவதில்லை.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். ஆலை சொன்ன விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் இதை இன்னும் இறுக்கியது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவுப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். வண்டியை நிறுத்தும் காவலர் கண்ணுக்கு ரீமேப் தெரியாது என்பதால் அது சட்டபூர்வமானது ஆகிவிடாது. புகைக்குழாயை மாற்றுவது கண்ணுக்கும் தெரியும், காதுக்கும் கேட்கும். ஸ்டேஜ் 2 என்ற பெயரில் கேட்டலிடிக் கன்வர்ட்டரையே கழற்றுவது சுற்றுச்சூழல் குற்றம். பிஎஸ் 6 காரில் செக் இன்ஜின் விளக்கும் எரியும். ஸ்டேஜ் 2-க்கு ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டாம். இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் சொல்லாத மாற்றம், விபத்துக்குப் பிறகு கிளெய்ம் கேட்கும்போது வெளியே வரும் என்பதையும் மறக்கக் கூடாது.

இத்தனைக்கும் நடுவில் யாரும் ஆசையாகக் கேட்காத பொருள் ஒன்று இருக்கிறது. டயர். ரீமேப் செய்த முன்சக்கர இழுவைக் காரை ஈரச் சாலையில் இரண்டாவது கியரில் அழுத்தினால் சக்கரம் வழுக்கிச் சுற்றும். இழுவைக் கட்டுப்பாட்டு விளக்கு மினுமினுக்கும். டார்க் சாலைக்கு இறங்கவே இல்லை என்று அர்த்தம். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் கார் எவ்வளவு வேகமாக, எவ்வளவு பயமில்லாமல் போகிறது என்பதைத் தீர்மானிப்பது குதிரைத்திறன் அல்ல, ரப்பர். நல்ல பிடிப்புள்ள டயர் போட்ட சாதாரண 1.0, வழுக்கும் டயரோடு ரீமேப் செய்த 1.0-வைவிட அந்த மலையில் சுகமாக ஓடும். இறங்கும்போது வித்தியாசம் இன்னும் பெரிது. பின்னால் டிரம் பிரேக் மட்டுமே உள்ள காரில், நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் டயர்கள் மீதுதான்.

அகலமான டயர்தான் நல்ல டயர் என்ற நம்பிக்கை மட்டும் வேண்டாம். வெர்ட்டஸின் ஒரிஜினல் அளவு 205/55 ஆர்16. விட்டம் ஏறக்குறைய 632 மில்லிமீட்டர். 215/55-க்குப் போனால் விட்டம் 11 மில்லிமீட்டர் கூடும். ஸ்பீடோமீட்டர் காட்டுவதைவிடக் கார் 1.7 சதவீதம் வேகமாகப் போகும், கிளம்பும் இழுவையும் அந்த அளவுக்குக் குறையும். பிக்கப்புக்குச் செலவழித்துவிட்டு அதை டயரில் தொலைப்பானேன்? அதே அளவில் மிஷெலின் பிரைமசி 4எஸ்டி போன்ற நல்ல டயருக்கு மாறுவது போதும். நாலுக்கும் சேர்த்து ரீமேப்புக்கு ஆகும் தொகைதான் ஆகும். இதில் சட்டச் சிக்கலும் இல்லை. புதுக் காரில் இன்னொரு வசதி: ஓடாத ஒரிஜினல் டயர்களைக் கடைக்காரர் நல்ல விலைக்கு எடுத்துக்கொள்வார்.

டயர் ஃபிட்டிங்கில் கவனிக்க வேண்டியவை சின்னச் சின்னவை. பக்கவாட்டில் அச்சிட்ட நாலு இலக்கத்தைப் பாருங்கள். 2225 என்றால் 2025-ஆம் ஆண்டின் 22-ஆவது வாரத்தில் செய்தது. கடையில் பழசாகிக் கிடந்த டயருக்குப் புது விலை கொடுக்க வேண்டாம். வீல் போல்ட்டை ஏர் கன் கொண்டு 'டர்ர்' என்று முடுக்கிவிட்டு அனுப்புவார்கள். ஃபோக்ஸ்வாகன் சொல்வது 120 நியூட்டன் மீட்டர், அதை டார்க் ரெஞ்ச் வைத்துத்தான் இறுக்க வேண்டும். கேட்டால் எடுத்து வருவார்கள், கேளுங்கள்.

ஆலையே செய்து கொடுத்தால் இந்தத் தலைவலி எதுவும் இல்லை. கோவையின் ஜெயெம் ஆட்டோமோட்டிவ்ஸும் டாடாவும் சேர்ந்து 2018-இல் கொண்டுவந்த டியாகோ ஜேடிபி அப்படி ஒரு கார்: டர்போ இன்ஜின், 114 குதிரைத்திறன், இறுக்கிய சஸ்பென்ஷன், எல்லாவற்றுக்கும் வாரன்டி. பிஎஸ் 6 வந்தபோது, 2020-இல் அது நின்றுபோனது. இன்று அந்த வரிசையில் 120 குதிரைத்திறனோடு ஹூண்டாய் ஐ20 என் லைன் இருக்கிறது. இறுகிய சஸ்பென்ஷனும் உறுமும் புகைக்குழாயும் ஆலையிலிருந்தே சட்டப்படி வருகின்றன.

ஆகவே புது வெர்ட்டஸ் 1.0 வாங்கியவருக்குத் தீர்ப்பு இது. முதல் வருடத்தில் டயர், அலைன்மென்ட், நல்ல பிரேக் பேட். இதற்கு மேல் எதுவும் வேண்டாம். ஃபில்டர் வெறும் ஆசைக்கு. முதல் நாளிலிருந்தே வேகம் வேண்டும் என்றால் வரியோடு சேர்த்து 1.5 மேனுவலை வாங்கிவிடுவதே நல்லது. ரீமேப் ஆசை அதன் பிறகும் விடவில்லை என்றால், சட்டம் அதை ஏற்கவில்லை என்பதைத் தெரிந்துகொண்டு, வாரன்டி முடிந்த பிறகு யோசிக்கலாம். எதை மாட்டினாலும் ஜிஎஸ்டி பில்லையும் கழற்றிய ஒரிஜினல் பாகத்தையும் கையோடு வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். காரை விற்கும் நாளில் வாங்குபவர் இரண்டையும் கேட்பார்.