கால்பணம் கேட்கும் குரல்: அரிச்சந்திர மயான காண்டமும் ஆலங்குடி ரசிகர் ஒருவரின் அளவுகோலும்

இசைநாடகம் குறித்த ஆய்வுகளில் ரசிகர் பெரும்பாலும் கூட்டமாகவே இடம்பெறுகிறார். அவரைத் தனியொருவராகக் கொண்டு, எந்த நடிப்பை ஏற்கிறார், எதை மறுக்கிறார் என வினவிய முயற்சிகள் குறைவு. புதுக்கோட்டை மாவட்டம் ஆலங்குடிப் பகுதியில் களப்பணியின்போது சந்தித்த, எழுபது வயது கடந்த ரசிகர் ஒருவரின் கருத்தை முன்வைத்து, 'அரிச்சந்திர மயான காண்டம்' பற்றிய வழக்கமான வாசிப்பு ஒன்றை இக்கட்டுரை மறுபரிசீலனை செய்கிறது. தம் பெயரைக் குறிப்பிட வேண்டாம் என அவர் கேட்டுக்கொண்டார்.

சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) வகுத்த மரபில் வரும் ஸ்பெஷல் நாடகத்திற்கு ஒத்திகை கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும் ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்தும் வந்து இரவில் மேடையில் சந்திப்பர். மயான காண்டத்திலோ அவ்விருவரும் பிரிந்துபோன கணவன் மனைவி. பாம்பு தீண்டி இறந்த மகன் லோகிதாசனைச் சந்திரமதி சுடலைக்குச் சுமந்து வருகிறாள். வீரபாகுவுக்கு அடிமையாகிச் சுடலை காக்கும் அரிச்சந்திரன் கால்பணமும் முழத்துண்டும் வாய்க்கரிசியும் கேட்கிறான். அவளிடம் எதுவுமில்லை. கழுத்துத் தாலியை விற்றுக் கொடு என்கிறான். கணவனன்றிப் பிறர் கண்ணுக்குப் புலப்படாத தாலி அது. எதிரே நிற்பவன் யார் என அவள் அறியும் கணம் அதுவே. கதை தெரிந்த அவையோர் விடியவிடியக் காத்திருப்பதும் இக்கணத்திற்காகத்தான்.

அழுகை என்னும் மெய்ப்பாட்டுக்குத் தொல்காப்பியர் கூறும் நான்கு நிலைக்களன்களும், அதாவது இகழப்படுதல், உரியோரை இழத்தல், பழைய நிலை கெட்டு வருந்துதல், வறுமை ஆகியவை, இக்காட்சியில் ஒருங்கே அமைந்துள்ளன. மன்னன் சுடலைக் காவலனாதல் இகழ்ச்சியின் உச்சம் என்றே பொதுவாக விளக்கப்படுகிறது. இக்கட்டுரையாளரும் ஆய்வின் தொடக்கத்தில் அவ்வாறே எழுதியிருந்தார்.

மேற்குறித்த ரசிகர் இந்நாடகத்தை இருபது முறைக்கு மேல் பார்த்தவர். அவருடைய தந்தை ஊர்ச் சுடலையில் வேலை செய்தவர். சிறந்த ராஜபார்ட்டை எவ்வாறு இனங்காண்கிறீர்கள் என வினவியபோது, சாரீரத்தையோ சுருதியையோ அவர் முதலில் குறிப்பிடவில்லை. "கால்பணம் கேக்குறப்போ குரல் கம்முச்சுன்னா அவன் இன்னும் ராஜாவாவே நிக்கிறான் தம்பி. வீரபாகு ஆளா நிக்கல. கூலி கேக்குறவன் ஏன் கூசணும்?" என்றார். கூலியைக் கேட்கும்போதே அழுதுவிடும் நடிகர்களுக்குக் கைதட்டல் மிகுதி என்பதை அவர் மறுக்கவில்லை. தமக்கு அழுகை வருவது கூசாமல் கேட்பவரிடம்தான் என்றார்.

இக்கூற்று மெய்ப்பாட்டு விளக்கத்தில் ஓர் ஐயத்தை எழுப்புகிறது. இகழ்ச்சி அத்தொழிலில் உள்ளதா, அதனை இகழ்ச்சியென முன்னரே தீர்மானித்த பார்வையாளரிடம் உள்ளதா? தமிழகச் சுடலைகள் பலவற்றின் வாயிலில் அரிச்சந்திரன் பெயரால் ஒரு கல் நடப்பட்டிருக்கும். பாடையை அங்கு இறக்கிச் சடங்கு செய்வதும், வெட்டியான் தமக்குரியதைக் கேட்டுப் பெறுவதும் வழக்கம். தமிழக இறப்புச் சடங்குப் பாடல்களை ஆராய்ந்த இசபெல் கிளார்க்-டெசே (2005), இம்மரபில் அரிச்சந்திரன் கதை பெறும் இடத்தைக் கவனப்படுத்தியுள்ளார். மேடையில் வீழ்ச்சியின் அடையாளமாகிய கோரிக்கை, கல்லின் அருகே உரிமையின் மொழி. ஆலங்குடி ரசிகர் இரண்டையும் அறிந்தவர். ஆய்வுலகம் முதலாவதை மட்டுமே எழுதிவந்துள்ளது.

இளமையில் அரிச்சந்திர நாடகம் பார்த்த காந்தியடிகள், அதனைத் தமக்குள் எண்ணற்ற முறை நடித்துப் பார்த்ததாகத் தம் வரலாற்றில் எழுதியுள்ளார். அவரை ஈர்த்தது வாய்மை. அந்த ஈர்ப்பில் சுடலை ஒரு சோதனைக் களம் மட்டுமே. வாய்மை பற்றி நம் ரசிகர் ஒரு சொல்லும் பேசவில்லை என்பது இங்குக் கருதத்தக்கது.

இவ்வேறுபாடு நாடக முடிவில் கூர்மை பெறுகிறது. இறைவன் தோன்ற, லோகிதாசன் உயிர்பெறுகிறான். அரிச்சந்திரன் அரசைத் திரும்பப் பெறுகிறான். சுடலைத் தலைவனாக வந்தவன் தருமதேவதையே என்கிறது மார்க்கண்டேய புராணம். மன்னன் உண்மையில் யாருக்கும் அடிமையாக இருந்ததில்லை என்று அவனது தாழ்வையே அது துடைத்துவிடுகிறது. இக்காட்சி பற்றிக் கேட்டபோது ரசிகர் சிரித்தார். பெரும்பாலும் அதற்குள் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாராம்.