ஆய்வுக் கணக்கில் வராதவர்கள்: விருத்தாசலத்திலிருந்து மூன்று துறை ஆய்வுகள் குறித்த ஒரு திறனாய்வு

விருத்தாசலம் கடலூர் மாவட்டத்தில் மணிமுத்தாற்றின் கரையில் அமைந்த நகரம். திருமுதுகுன்றம் என்ற பழைய பெயராலும் பழமலைநாதர் கோயிலாலும் அறியப்படும் இவ்வூருக்குப் பீங்கான் நகரம் என்ற பெயரும் உண்டு. மின்கம்பிகளைத் தாங்கும் பீங்கான் மின்காப்பான்கள், பியூஸ் கட்டைகள், அகல் விளக்குகள், கொலு பொம்மைகள் முதலியவை இங்குள்ள சிறு தொழிற்கூடங்களில் செய்யப்படுகின்றன. பீங்கான் தொழில்நுட்பத்தில் பட்டயப் படிப்பு நடத்தும் அரசு நிறுவனமும் இங்கு உள்ளது.

கல்வி ஆராய்ச்சி, கட்டட ஆற்றல் பொறியியல், மருத்துவ ஆராய்ச்சி ஆகியவை பல்கலைக்கழகங்களில் வெவ்வேறு துறைகள். அவற்றின் ஆய்விதழ்களும் வேறு, அளவுகோல்களும் வேறு. ஆனால் பீங்கான் தொழிலை நம்பி வாழும் ஒரு குடும்பத்தில் இம்மூன்றும் ஒன்றாகச் சேர்கின்றன. பெற்றோர் தூசியிலும் சூளை வெப்பத்திலும் வேலை செய்கிறார்கள். வீட்டுக் கூரை சிமெண்ட் ஷீட்டாக இருந்தால் இரவிலும் வெக்கை குறைவதில்லை. அதே வீட்டில் குழந்தை படிக்க வேண்டும். இக்கட்டுரை மூன்று துறைகளிலும் தமிழ்நாட்டோடு தொடர்புடைய சில ஆய்வுகளை எடுத்துக்கொண்டு, அவை யாரைக் கணக்கில் எடுத்தன, யாரை விட்டுவிட்டன என்று பார்க்கிறது. அதிகம் பாதிக்கப்பட்டவரே கணக்கில் இல்லாமல் போவது மூன்று துறைகளுக்கும் பொதுவான குறை என்பது இதன் வாதம்.

கல்வி: பள்ளியிலா, வீட்டிலா?

கொரோனா காலத்தில் தமிழ்நாட்டில் 2020 மார்ச்சில் மூடப்பட்ட தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1 அன்று மீண்டும் திறந்தன. இடைப்பட்ட காலத்தில் குழந்தைகள் இழந்த கற்றலை அளக்க இரண்டு வழிகள் இருந்தன. பள்ளிக்குச் சென்று வகுப்பில் இருப்பவர்களுக்குத் தேர்வு வைப்பது ஒரு வழி. 2021 நவம்பர் 12 அன்று நடந்த தேசிய அடைவு ஆய்வு இந்த வகையைச் சேர்ந்தது. அன்று வகுப்புக்கு வராத குழந்தையின் நிலை அதில் பதிவாகாது.

இன்னொரு வழி வீடு தேடிச் சென்று அளப்பது. அபிஜீத் சிங், மொரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோரின் ஆய்வு அவ்வாறு செய்தது. தமிழ்நாட்டின் கிராமப்புறங்களில் ஏறத்தாழ 19,000 குழந்தைகள் அதில் இடம்பெற்றனர். 2019இல் அதே கிராமங்களில் அதே வயதில் இருந்த குழந்தைகளோடு ஒப்பிட்டபோது, 2021 டிசம்பரில் கணக்கில் 0.7 திட்ட விலக்கமும் மொழியில் 0.34 திட்ட விலக்கமும் பின்தங்கியிருந்தது தெரிந்தது. பள்ளி திறந்த ஆறு மாதங்களுக்குள் இந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. அந்த மீட்சியில் சுமார் 24 சதவீதம் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தால் வந்தது என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டனர். 2021 அக்டோபரில் தொடங்கப்பட்ட அத்திட்டத்தில் தன்னார்வலர்கள் மாலை வேளைகளில் குடியிருப்புப் பகுதிகளிலேயே பாடம் சொல்லித் தந்தனர்.

இந்த ஆய்வின் பலம் அதன் ஒப்பீட்டில் இருக்கிறது. பள்ளிகள் மூடப்படுவதற்கு முன்பே அந்தக் கிராமங்களில் அளவெடுத்து வைத்திருந்ததால் இழப்பையும் மீட்சியையும் உறுதியாகச் சொல்ல முடிந்தது. ஆனால் இரண்டு வரம்புகளை வாசகர் மறக்கக் கூடாது. முதலாவது, மாலை வகுப்புக்கு யார் வருவது என்பது குலுக்கல் முறையில் முடிவானதல்ல. வந்த குழந்தையின் குடும்பத்துக்கும் வராத குழந்தையின் குடும்பத்துக்கும் வேறுபாடு இருந்திருக்கலாம். முந்தைய மதிப்பெண்ணை வைத்து அதைச் சரிசெய்ய ஆய்வாளர்கள் முயன்றனர். அது நல்ல முறைதான் என்றாலும் குலுக்கலுக்கு ஈடாகாது. இரண்டாவது, ஆய்வில் இருந்தவர்கள் தொடக்கப் பள்ளி வயதினர். பள்ளி மூடியிருந்தபோது வேலைக்குப் போய், திறந்த பிறகும் திரும்பாத பதின்வயதினர் இந்தக் கணக்கில் இல்லை. தொழில் நகரங்களில் முக்கியமான கேள்வி அவர்களைப் பற்றியதே. மூன்றில் இரண்டு பங்கு மீண்டது என்ற செய்தியை அவர்களுக்கும் பொருத்திப் பேசினால் அது ஆய்வின் பிழையாகாது, வாசிப்பவரின் பிழை.

கட்டட ஆற்றல்: யாருடைய வசதி?

இந்தியச் சூழலில் எந்த வெப்பநிலை மனிதருக்கு வசதியானது என்ற கேள்விக்கு 2016இல் வெளியான ஓர் ஆய்வு விடை தந்தது. சன்யோகிதா மனு, யஷ் சுக்லா, ராஜன் ராவல் முதலியோர் சென்னை உட்பட 5 நகரங்களில் 16 கட்டடங்களில் 6,330 பதில்களைத் திரட்டினர். வெளி வெப்பநிலைக்கு ஏற்ப மக்களின் உடலும் பழக்கமும் மாறுகின்றன என்றும், எல்லா ஊருக்கும் ஒரே குளிர்சாதன அளவு தேவையில்லை என்றும் அது காட்டியது. குளிர்நாடுகளில் வகுத்த அளவுகளை அப்படியே நம் கட்டடங்களுக்கு எடுத்துக்கொள்ளும் வழக்கத்துக்கு அது சரியான மறுப்பு. 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பிலும் 2017ஆம் ஆண்டின் ஆற்றல் சேமிப்புக் கட்டட விதித்தொகுப்பிலும் இந்த மாதிரி இடம்பெற்றது.

ஆனால் அந்த 16 கட்டடங்களும் அலுவலகங்கள். பதில் சொன்னவர்கள் பெரும்பாலும் மேசை முன் உட்கார்ந்து வேலை செய்பவர்கள். பீங்கான் கூடத்தில் அச்சு தூக்குபவரும் சூளையில் சரக்கு அடுக்குபவரும் செய்யும் வேலையில் உடல் உண்டாக்கும் வெப்பம் பல மடங்கு அதிகம். அதோடு சூளைச் சுவரிலிருந்து வரும் கதிர்வீச்சு வெப்பத்தைச் சாதாரண வெப்பமானி சரியாகக் காட்டாது. அதற்குக் கறுப்புக் கோள வெப்பமானி வேண்டும். பின்னர் வீடுகளுக்கென்று தனி ஆய்வு நடந்து 2022இல் வெளிவந்தது என்பது இத்துறை தன் குறையை உணர்ந்ததன் அடையாளம். சிறு தொழிற்கூடங்களுக்கு அலுவலகக் கணக்கும் வீட்டுக் கணக்கும் பொருந்தா.

விதிகளிலும் இதே இடைவெளி தெரிகிறது. 2018ஆம் ஆண்டின் ஈகோ நிவாஸ் சம்ஹிதா, குடியிருப்புகளின் கூரை வழியே வெப்பம் கடத்தப்படும் அளவுக்கு ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு 1.2 வாட் என உச்சவரம்பு வைத்தது. கூரைதான் நம் வெயிலில் முதல் எதிரி என்பதால் இது நல்ல விதி. ஆனால் 500 சதுர மீட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட மனையில் கட்டும் குடியிருப்புகளுக்கே அது பொருந்தும் என்று வகுக்கப்பட்டது. சிமெண்ட் ஷீட் வீடு அந்த வரம்புக்குள் வராது. வெப்பத்தால் அதிகம் வாடும் வீடே விதிக்கு வெளியே நிற்கிறது.

இதற்கு மாறான முறையைச் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கையாண்டனர். 2017 முதல் 2022 வரை தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிப் பெண்களைப் பின்தொடர்ந்த அந்த ஆய்வு 2024இல் வெளியானது. வேலையிடத்தின் ஈரப்பதம், காற்று, கதிர்வீச்சு ஆகியவற்றைச் சேர்த்துக் காட்டும் ஈரக்குமிழ்க் கோள வெப்பக் குறியீட்டை அவர்கள் அளந்தனர். வேலையின் கடுமையையும் சேர்த்தே பாதுகாப்பு வரம்பைக் கணக்கிட்டனர். கடும் வேலைக்கு 27.5 டிகிரி, மிதமான வேலைக்கு 28 டிகிரி செல்சியஸ். வரம்பை மீறிய வெப்பத்தில் வேலை செய்த பெண்களுக்குக் கருச்சிதைவு முதலிய பாதிப்புகளின் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. இது பின்தொடர்ந்து கவனித்த ஆய்வு என்பதால் வறுமை, உணவு போன்ற பிற காரணங்களை முற்றிலும் பிரித்துவிட முடியாது. ஆயினும் கட்டடப் பொறியியல் கேட்க மறந்த கேள்வியை மருத்துவம் கேட்டது என்பது முக்கியம்.

மருத்துவம்: வேலையை விட்டுப் போனவர்

பீங்கான் தொழிலின் மூலப்பொருள்கள் களிமண், குவார்ட்ஸ், பெல்ட்ஸ்பார். இவற்றை அரைக்கும்போதும், காய்ந்த பொருளைச் சீவித் தேய்க்கும்போதும், தரையைப் பெருக்கும்போதும் நுண்ணிய சிலிக்கா தூசி எழுகிறது. கண்ணுக்குத் தெரியாத அளவிலான துகள்களே நுரையீரலின் ஆழத்துக்குச் செல்கின்றன. அங்கே ஆறாத தழும்பை உண்டாக்கும் நோய் சிலிகோசிஸ். அதைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. பெரும்பாலும் பத்து ஆண்டுகளுக்கு மேல் தூசியில் வேலை செய்த பிறகே அறிகுறி தெரியும். வேலையை விட்ட பிறகும் நோய் முற்றலாம். சிலிகோசிஸ் உள்ளவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பும் கூடுகிறது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1997இல் படிகச் சிலிக்காவை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக வகைப்படுத்தியது.

இத்தகைய நோயை ஆராய, இன்று வேலையில் இருப்பவர்களை வரிசையில் நிறுத்தி எக்ஸ்ரே எடுத்தால் போதும் என்று தோன்றலாம். அங்கேதான் பிழை நேர்கிறது. மூச்சு வாங்கத் தொடங்கியவர் ஏற்கனவே வேலையை விட்டிருப்பார். எஞ்சியிருப்பவர்கள் உடல் தாங்கியவர்கள். எனவே நோயின் அளவு உண்மையைவிடக் குறைவாகவே தெரியும். தொழில் மருத்துவத்தில் இதை ஆரோக்கியத் தொழிலாளர் விளைவு என்பார்கள். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் சிலிகோசிஸை அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோயாகப் பட்டியலிட்டது. ஆனால் மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் 10 பேர் இருந்தால்தான் அது தொழிற்சாலை என்பது அச்சட்டத்தின் பொதுவான வரையறையாக இருந்தது. அதற்கும் சிறிய கூடத்தில் நோயுற்றவர் பதிவேட்டிலும் வரவில்லை.

தேடிப் போய் அளக்கும் மருத்துவ ஆய்வுக்குத் தமிழ்நாட்டிலேயே பெரிய முன்மாதிரி உண்டு. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தது. ஒரு பிரிவினருக்குச் சானடோரியத்தில் ஓய்வும் நல்ல உணவும் மருந்தும் கிடைத்தன. மற்றவர்கள் நெரிசலான தம் வீடுகளில் இருந்தபடியே மருந்து சாப்பிட்டனர். 1959இல் வெளியான முடிவு, வீட்டுச் சிகிச்சையும் ஏறக்குறைய அதே பலனைத் தருகிறது என்றது. உடன் வசித்த குடும்பத்தினரையும் ஆய்வாளர்கள் தொடர்ந்து கவனித்தனர். மருத்துவமனைப் படுக்கை கிடைக்காத ஏழை நோயாளிக்கு என்ன செய்வது என்ற இந்த மண்ணின் கேள்வியிலிருந்து பிறந்ததால்தான் அந்த ஆய்வு உலகம் முழுவதும் காசநோய்ச் சிகிச்சையை மாற்றியது.

மதிப்பீடு

மூன்று துறைகளையும் அருகருகே வைத்தால் ஒரே வடிவம் தெரிகிறது. வகுப்பில் இருப்பவரை மட்டும் அளந்தால் கற்றல் இழப்பு குறைவாகத் தெரியும். அலுவலகத்தில் இருப்பவரை மட்டும் கேட்டால் வெப்பம் தாங்கக்கூடியதாகத் தெரியும். வேலையில் நீடிப்பவரை மட்டும் பரிசோதித்தால் தூசி பாதுகாப்பானதாகத் தெரியும். மூன்றிலும் பிழை ஒரே திசையில், பாதிப்பைக் குறைத்துக் காட்டும் திசையில் நிகழ்கிறது. ஆகவே இத்தகைய ஆய்வு ஒன்று பெரிய பாதிப்பு இல்லை என்று சொன்னால் கூடுதல் எச்சரிக்கையோடு வாசிக்க வேண்டும்.

இதனால் அளவை ஆய்வுகளே வீண் என்று முடிவுகட்டுவது தவறு. வீடு தேடி அளப்பதற்குப் பணமும் காலமும் ஆளும் அதிகம் வேண்டும். சிறிய ஆய்வு ஒன்றுமே இல்லாததைவிட மேல். யாரை அளக்கவில்லை என்பதைத் தன் சுருக்கத்திலேயே சொல்லும் ஆய்வு நேர்மையானது. அதைக் கடைசிப் பக்கத்தில் ஒரு வரியில் ஒளிக்கும் ஆய்வு வாசகரைத் தவறாக வழிநடத்துகிறது.

விருத்தாசலம் போன்ற ஊரில் பட்டயப் படிப்போ பட்டப் படிப்போ படிக்கும் மாணவர் தம் திட்ட ஆய்விலேயே இதைக் கடைப்பிடிக்கலாம். ஒரு கூடத்தில் தூசி பற்றி ஆராய்ந்தால், இன்று வந்தவர்களோடு கடந்த பத்து ஆண்டுகளில் வேலையை விட்டவர்களின் பெயரையும் கேட்டுப் பட்டியலில் சேர்க்கலாம். வெப்பத்தை அளந்தால் சூளையை இறக்கும் நேரத்தில் கோள வெப்பமானியை வைத்து அளக்கலாம். கற்றலை அளந்தால் வருகைப் பதிவேட்டில் பெயர் அடிக்கப்பட்ட பிள்ளையின் வீட்டுக்கும் செல்லலாம். இவற்றுக்குப் பெரிய ஆய்வகம் தேவையில்லை. கிடைக்கும் எண்கள் குறைவாக இருந்தாலும் அவை இந்த ஊரின் நிலையை உள்ளபடி சொல்லும்.