வேலிக்குக் குறுக்கே ஒரு கம்பி

சனிக்கிழமை காலையில் அப்பா யாரோடும் பேச மாட்டார். கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸ் வாசலில் உட்கார்ந்து, நாளிதழின் பந்தயப் பக்கத்தை நான்காக மடித்துத் தொடையில் வைத்துக்கொண்டு, குதிரைப் பெயர்களுக்குப் பக்கத்தில் பென்சிலால் புள்ளி வைப்பார். அழிப்பார். மறுபடி வைப்பார். மத்தியானம் அம்பாங் சாலைக்குக் கிளம்பிவிடுவார். 1896-இல் தொடங்கிய சிலாங்கூர் டர்ப் கிளப், 1990களின் தொடக்கத்தில் சுங்கை பீசிக்கு மாறும்வரை அங்கேதான் பந்தயம் நடத்தியது. இன்று அந்த மண்ணில் இரட்டைக் கோபுரம் நிற்கிறது. எங்கள் வீட்டுப் பணம் எவ்வளவு அங்கே போனது என்பது அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும்.

டிக் பிரான்சிஸின் 'டெட் செர்ட்' நாவலை இந்த நினைவோடுதான் படித்தேன். 1962-இல் வந்த அவருடைய முதல் நாவல் அது. தலைப்புக்குக் கட்டாயம் ஜெயிக்கிற குதிரை என்று பொருள். இங்கிலாந்தில் நடக்கும் ஒரு தடை தாண்டும் பந்தயத்தில், முன்னால் போய்க்கொண்டிருந்த அட்மிரல் என்ற குதிரை வேலியைத் தாண்டும்போது விழுகிறது. அதை ஓட்டிய பில் டேவிட்சன் இறந்துபோகிறான். பின்னால் வந்த நண்பன் ஆலன் யார்க்குக்கு மனம் ஒப்பவில்லை. பனிமூட்டத்தில் தனியாக அந்த வேலி வரைக்கும் நடக்கிறான். அங்கே சுருட்டிய கம்பி ஒன்று கிடக்கிறது.

ஆலனை அந்த வேலிக்கு இழுத்துப் போனது துப்பறியும் மூளை அல்ல. அட்மிரல் அப்படி விழுகிற குதிரை இல்லை என்று அவன் உடம்புக்குத் தெரியும். பிரான்சிஸின் பலம் முழுவதும் இதில் இருக்கிறது. 1892-இல் கோனன் டாயில் எழுதிய 'சில்வர் பிளேஸ்' கதையும் குதிரைப் பந்தயத்தைப் பற்றியதுதான். ஆனால் அதில் ஷெர்லாக் ஹோம்ஸ் ரயிலேறி வருகிறார், நாய் ஏன் குரைக்கவில்லை என்று யோசிக்கிறார், முடிச்சை அவிழ்த்துவிட்டுப் போய்விடுகிறார். லாயத்தின் வாடை அவர் கோட்டில் ஒட்டுவதில்லை. பிரான்சிஸ் 1953-54 பருவத்தில் இங்கிலாந்தின் தலைசிறந்த ஜாக்கியாக இருந்தவர். குதிரையைக் கடிவாளத்தில் பிடித்துவைத்து வேண்டுமென்றே தோற்பது எப்படி, ஈரப் புல்லில் குளம்பு எப்படி வழுக்கும் என்பதையெல்லாம் அவர் விசாரித்து எழுதவில்லை, திடலில் இருந்தே தெரிந்துகொண்டு எழுதினார். ஆலன் குதிரை மேல் தப்பியோட, குற்றக் கும்பலின் ரேடியோ பொருத்திய டாக்சிகள் சாலை சாலையாக அவனை மறிக்கும் துரத்தல் இன்றும் மூச்சுமுட்ட வைக்கிறது.

இந்த மனிதருக்கு நேர்ந்த ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 1956-இல் கிராண்ட் நேஷனல் பந்தயத்தில், அன்றைய அரசியின் தாயாருக்குச் சொந்தமான டெவன் லாக் என்ற குதிரையை அவர் ஓட்டினார். எல்லாத் தடைகளையும் தாண்டியாயிற்று, எல்லைக்கு இன்னும் ஐம்பது கஜம் இருக்கலாம், எதிரில் யாரும் இல்லை. அந்த இடத்தில் குதிரை திடீரென்று வயிறு தரையில் படச் சரிந்தது. காரணம் இன்றுவரை உறுதியாகத் தெரியாது. காரணமே தெரியாத அந்தத் தோல்வியைச் சுமந்தவர், நாற்பதுக்கு மேற்பட்ட புத்தகங்களில் எல்லா வீழ்ச்சிக்கும் ஒரு குற்றவாளியைக் கண்டுபிடித்துத் தந்திருக்கிறார். வாசகனுக்கு அது ஆறுதலாக இருக்கிறது. ஆனால் பந்தயத் திடலின் உண்மை அவ்வளவு ஒழுங்கானது அல்ல.

'டெட் செர்ட்'டில் குறைகள் உண்டு. ஆலன் தலையில் அடிபட்டு நினைவை இழக்கிறான், கதைக்கு வேண்டிய நேரத்தில் அது திரும்பி வருகிறது. பின்னணியில் இருக்கும் கும்பல் தலைவனைப் பழகிய வாசகர் பாதியிலேயே ஊகித்துவிடுவார். காதலி கேட் அழகாக வந்துபோகிறாள், அவ்வளவுதான். ஆலன் பணக்கார வீட்டுப் பிள்ளை, பொழுதுபோக்குக்காகக் குதிரை ஓட்டுகிறவன். லாயத்தில் சாணி அள்ளுகிறவர்களை அவன் பெரும்பாலும் கடந்துதான் போகிறான்.

இந்தக் கடைசிக் குறையை ஆசிரியரே உணர்ந்திருக்க வேண்டும். 1965-இல் வந்த 'ஃபார் கிக்ஸ்' நாவலில் ஆஸ்திரேலியக் குதிரைப் பண்ணைக்காரன் டேனியல் ரோக்கை லாயப் பையனாக வேடமிட்டு வேலைக்கு அனுப்புகிறார். பசியும் குளிரும், ஏளனமாகப் பார்க்கிற கண்களும் அவன் மேல் விழுகின்றன. என் கணக்கில் இதுதான் அவருடைய உயர்ந்த நாவல்.

ஒரு குறை மட்டும் எனக்கு ஆறவே இல்லை. காசு கட்டித் தோற்கிறவன் இந்த உலகத்தின் நடுவில் இல்லை. குதிரையை நிறுத்தி ஓட்டினால் யார் ஏமாறுகிறார்கள்? பந்தயத் தரகர்களும் குதிரை முதலாளிகளும் கதைக்குள் வருகிறார்கள். மடித்த நாளிதழோடு வந்து, மாதச் சம்பளத்தில் பாதியை விட்டுவிட்டுக் கடைசி பஸ்ஸில் வீடு திரும்புகிறவன் வெறும் கூட்டமாக நிற்கிறான். என் அப்பா அந்தக் கூட்டத்தில் ஒருவர். குற்றத்தின் கடைசிக் கண்ணியை விட்டுவிட்டால் குற்றக்கதை பாதிதான்.

கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் தமிழ்த் துப்பறியும் மாத நாவல்கள் வாங்கிப் படித்த தலைமுறை நாங்கள். ராஜேஷ்குமாரின் விவேக், பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்–சுசீலா, சுபாவின் நரேந்திரன்–வைஜயந்தி எல்லோரும் எங்கள் வீட்டு ஆட்கள் மாதிரி. வேகத்தில் அவர்கள் யாருக்கும் குறைந்தவர்கள் அல்ல. ஆனால் ஹோம்ஸ் போல வெளியிலிருந்து வருகிறவர்கள். ஒரு தொழிலின் உள்ளே உட்கார்ந்து எழுதிய மர்மக் கதை நமக்கு வேண்டும்.

எங்கள் வரிசை வீட்டுத் தாத்தா ஒருவர் அம்பாங் லாயத்தில் குதிரை தேய்த்தவர். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து, முதலில் குதிரையின் கால்களைத் தொட்டுப் பார்ப்பாராம். எங்காவது சூடு தெரிந்தால் அன்று அது ஓடாது. அந்தச் செய்தியை வாங்க வாசலில் ஆள் காத்திருக்கும், கையில் நோட்டோடு. இதை அவர் எனக்கு ஒரே ஒரு முறைதான் சொன்னார். நான் அன்று எழுதி வைக்கவில்லை. அம்பாங்கிலும் சுங்கை பீசியிலும் லாயத்தில் வேலை பார்த்த பெரியவர்கள் உங்கள் பக்கத்தில் இருந்தால், இந்த வாரமே போய்க் கேளுங்கள்.