உதடு காட்டும் பாடம்

மருங்காபுரிப் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள் பலருக்கு ‘ஃபேன்’ என்பது ‘பேன்’ என்றே வாயில் வரும். காதால் மட்டும் கேட்டால் வித்தியாசம் பிடிபடாது. அந்தச் சொல்லை உச்சரித்துக் காட்டும் யூடியூப் காணொலியின் வேகத்தை 0.5-க்குக் குறைத்தால், மேல்பல் கீழுதட்டைத் தொடுவது கண்ணுக்கே தெரிகிறது. எனக்குப் பிடித்தது அந்த நிதானம்தான். இருபதாவது முறை கேட்டாலும் காணொலி சலித்துக்கொள்வதில்லை.

தொல்காப்பியத்தின் பிறப்பியல், வகரம் பல்லும் உதடும் சேரப் பிறப்பது என்கிறது. அப்படியானால் ‘ஃபேன்’ பிறக்கும் இடம் நம் வாயில் ஏற்கெனவே இருக்கிறது! ‘வ’ சொல்லும் நிலையிலேயே குரலை நிறுத்திக் காற்றை மட்டும் ஊதச் சொல்லுங்கள். கையில் ஒரு கண்ணாடியும் கொடுங்கள். திரையில் பார்த்த உதட்டைப் பிள்ளை தன் முகத்தில் தேடத் தொடங்கிவிடும்.