விளைவும் துணிபும்

அறிவியல் ஆராய்ச்சிக் கட்டுரையின் உறுப்புகளுள் ஒன்றைத் தமிழில் ‘முடிவுகள்’ என வழங்குகின்றோம். ஆய்வின் இறுதியில் ஆசிரியர் கொள்ளும் கருத்தையும் ‘முடிவு’ என்றே வழங்குகின்றோம். முன்னது ஆய்வில் கண்டது. பின்னது கண்டதிலிருந்து கொண்டது. இரண்டற்கும் ஒரு சொல்லே வழங்கிவருவதற்குச் சொல் வறுமை காரணம் ஆகாது. இரண்டும் வேறு என்னும் உணர்வு நம் எழுத்தில் இன்னும் வலுப்பெறவில்லை என்றே கொள்ள வேண்டியுள்ளது. இக்கட்டுரையில் முன்னதை விளைவு எனவும் பின்னதைத் துணிபு எனவும் குறிப்பேன்.

விளைவுப் பகுதியை உரைநடையாக எண்ணித் திறனாய்வோர் அரியர். அட்டவணையும் எண்ணும் நிரம்பிய இடத்தில் நடைக்கு என்ன வேலை என்பர். அதனை எழுதக் கற்பிக்கும் நூல்கள் தரும் அறிவுரையும் பெரும்பாலும் இரண்டே: அட்டவணையில் உள்ளதை உரைநடையில் திரும்ப எழுதற்க, விளக்கத்தை அடுத்த பகுதிக்கு ஒதுக்குக. நம் இலக்கண நூலார் வழக்கில் சொல்வதாயின், கூறியது கூறலையும் மற்றொன்று விரித்தலையும் விலக்குக என்பது. அறிவுரை தக்கதே. ஆயினும் இவ்விரு குற்றமும் இல்லாத பகுதியும் படிப்பவரை ஏமாற்றக்கூடும். ஈண்டுக் குன்றக் கூறலே பெருங்குற்றம். ஆசிரியரின் துணிபை ஏற்பதற்கு வேண்டியனவற்றை எல்லாரும் தருகின்றனர். அதனை மறுப்பதற்கு வேண்டியனவும் அப்பகுதியிலேயே கிடைக்கின்றனவா என்பதே அதன் தகுதியை அளக்கும் கோல். கிரிகோர் மெண்டலின் பட்டாணிக் கட்டுரையை இக்கோல் கொண்டு அளந்து பார்க்கலாம்.

மெண்டல் அக்கட்டுரையை 1865 பிப்ரவரி, மார்ச்சுத் திங்கள்களில் புருண் நகரத்து இயற்கை ஆய்வுக் கழகத்தில் இரு கூட்டங்களில் படித்தார். அஃது 1866-இல் அக்கழகத்தின் வெளியீட்டில் செருமானிய மொழியில் அச்சாயிற்று. இக்காலக் கட்டுரைகளைப்போல் முன்னுரை, முறை, விளைவு, ஆய்வுரை என்னும் பாகுபாடு அதில் இல்லை. ஆயினும் விளைவை அவர் உரைக்கும் இடங்கள் தெளிவாகப் பிரித்தறியத் தக்கன.

உருண்டை விதைச் செடியையும் சுருங்கிய விதைச் செடியையும் கலந்து பெற்ற 253 கலப்புச் செடிகள் 7324 விதைகளைத் தந்தன. அவற்றுள் 5474 உருண்டை, 1850 சுருங்கியவை. விகிதம் 2.96-க்கு 1. வித்திலையின் நிறத்தை நோக்கிய ஆய்வில் 8023 விதைகளுள் 6022 மஞ்சள், 2001 பச்சை; விகிதம் 3.01-க்கு 1. ஓங்கு பண்பு மூன்று பங்கும் ஒடுங்கு பண்பு ஒரு பங்கும் ஆக வெளிப்படும் என்பது அவர்தம் துணிபு. அத்துணிபை நாட்டுவதற்கு இவ்வெண்களே போதும். திறமை குறைந்த எழுத்தாளர் இங்கேயே நிறுத்தியிருப்பார்.

மெண்டல் நிறுத்தவில்லை. இவ்விரண்டு ஆய்விலும் முதற்பத்துச் செடிகளின் எண்களைத் தனித்தனியே அட்டவணையில் தருகின்றார். ஒரு செடியில் 45 உருண்டையும் 12 சுருங்கியவையும். மற்றொன்றில் 19-உம் 10-உம். பிறிதொன்றில் 28-உம் 6-உம். மூன்றுக்கு ஒன்று என்பது தனிச்செடியில் நிலையாக அமைவதன்று என்பதை இதனால் படிப்பவர் தாமே காண்கின்றார். மேலும், மிக விலகிய செடிகளையும் எடுத்து ஓதுகின்றார்: ஒன்றில் 43 உருண்டைக்கு இரண்டே சுருங்கியவை, வேறொன்றில் 14 உருண்டைக்கு 15 சுருங்கியவை. இப்பின்னைச் செடியில் ஒடுங்கு பண்பே மிகுந்து நிற்கின்றது. தம் துணிபுக்கு நேர்மாறாகத் தோன்றும் செடியைத் தாமே தேடிப் படிப்பவர் கையில் கொடுக்கும் இவ்விடமே கட்டுரையின் மிகச் சிறந்த இடம் என்பேன். நடையில் எவ்வகை அணியும் இல்லை. ‘வியப்புக்குரியது’ என்றோ ‘புறக்கணிக்கத் தக்கது’ என்றோ ஓர் அடைமொழியும் இல்லை.

இன்னோர் இடம் வழக்குக்கு உரியது. ஓங்கு பண்புடைய செடிகளுள் தூயன எவை, கலந்தன எவை என்று அறிய, விதைப் பண்பு நீங்கலான ஒவ்வோர் ஆய்விலும் 100 செடிகளை எடுத்து, ஒவ்வொன்றிலிருந்தும் 10 விதைகளை விதைத்து, அடுத்த தலைமுறையை நோக்கினார். கலந்தன இரண்டு பங்கும் தூயன ஒரு பங்கும் இருக்கும் என்பது எதிர்பார்ப்பு. காயின் நிறத்தை நோக்கிய ஆய்வில் கலந்தன 60, தூயன 40 என வந்தது. இதுவே மிகுதியும் விலகியது ஆதலின் அவர் அவ்வாய்வை மீண்டும் செய்தார். 65-உம் 35-உம் வந்தன. விலகியதை மட்டும் மீண்டும் செய்தது முறையாகுமா? ஆகாது என்பதே என் கருத்து; ஒத்துவந்தவற்றையும் மீண்டும் செய்து பார்த்திருந்தால் அவையும் விலகியிருக்கலாம். ஆனால் இவ்வினாவை நாம் எழுப்ப முடிவது எதனால்? முதலில் வந்த 60-ஐயும் 40-ஐயும் அவர் மறைக்காமல் எழுதியதனால் அன்றோ!

இதனினும் வலிய வினாவை 1936-இல் ஆர். ஏ. ஃபிஷர் எழுப்பினார். பத்து விதைகளை மட்டும் விதைத்தால், கலந்த செடியொன்றின் பத்து வழிச்செடிகளும் ஓங்கு பண்பையே காட்டிவிடுதல் கூடும். அதற்குரிய வாய்ப்பு நூற்றில் ஐந்து ஆறு. அத்தகைய செடிகள் தூயனவாகவே எண்ணப்பட்டிருக்கும். ஆகவே 600 செடிகளுள் கலந்தன ஏறத்தாழ 378 என்றே கணக்கில் வந்திருக்க வேண்டும். மெண்டலின் எண்களைக் கூட்டினால் 399 வருகின்றது. அதாவது, முறையின் குறையைக் கருதாத 400 என்னும் எண்ணுக்கு அருகில் நிற்கின்றது. எண்கள் அளவுக்கு மீறிப் பொருந்துகின்றன என்றும், எதிர்பார்ப்பை அறிந்த உதவியாளர் ஒருவர் காரணமாகலாம் என்றும் ஃபிஷர் ஐயுற்றார். அவ்வையத்தைப் பின்வந்தோர் பலர் மறுத்தும் உள்ளனர். அவ்வழக்கைத் தீர்ப்பது இக்கட்டுரையின் வேலையன்று. எழுபதாண்டு கழித்து ஒருவர் எழுப்பிய ஐயத்துக்கு வேண்டிய பத்து, நூறு, அறுபது, நாற்பது ஆகிய எண்கள் யாவும் மெண்டலின் தாள்களிலேயே கிடைத்தன என்பதே நமக்கு வேண்டுவது.

எனினும் மெண்டலிடத்தும் குன்றக் கூறல் உண்டு. பூச்சி அரித்த விதைகள் நிறத்திலும் வடிவிலும் மாறுபடும் என்று கூறும் அவர், சிறிது பழகினால் பிரிப்பதில் பிழை நேராது என்று ஒரே தொடரில் கடந்து செல்கின்றார். அத்தகைய விதைகள் எத்தனை? அவை எப்பக்கம் சேர்க்கப்பட்டன? விடையில்லை. பிரித்தவரின் மனம் எதிர்பார்ப்பின் பக்கம் சாய்வதற்கு இடம் இருந்ததாயின் அஃது இவ்விடமே. மற்ற இடங்களில் எண் பேசுகின்றது. இங்கு நம்பிக்கை பேசுகின்றது. முதலிரண்டு ஆய்வு நீங்கலாக ஏனையவற்றுக்குத் தனிச்செடிக் கணக்கு தராமையும் குறையே. இடச்சுருக்கம் கருதி அதனைப் பொறுக்கலாம்.

தமிழாராய்ச்சி செய்வார்க்கு இதில் என்ன என்று கேட்கலாம். பாடவேறுபாடுகளை அடிக்குறிப்பில் தந்து பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், தாம் கொண்ட பாடத்தை மறுப்பதற்குரிய கருவியையும் படிப்பவர்க்கு வழங்கினார். பதிப்புத் துறையில் வேரூன்றிய இம்மரபு, இலக்கியக் கருத்துகளை ஆராயும் கட்டுரைகளில் போதிய அளவு படரவில்லை. குறுந்தொகைக் குறிஞ்சிப் பாட்டுகளில் உள்ளுறை பெருவரவிற்று என ஒரு மாணவர் எழுதுவதாகக் கொள்வோம். ‘பெருவரவிற்று’ என்பது துணிபு. அதன் விளைவு எங்கே? 401 பாட்டுகளுள் குறிஞ்சி எனக் கொண்டவை எவை, உள்ளுறை எனக் கண்டவை எவை என்னும் பாட்டெண்கள் வேண்டும். உள்ளுறையோ இறைச்சியோ என்று துணிய முடியாதவை சில இருக்கும். பூச்சி அரித்த விதைகள் அவையே. அவற்றின் எண்களையும், எப்பக்கம் சேர்த்தார் என்பதையும் தனியே குறித்துவிட்டால், வேறு பக்கம் சேர்த்து எண்ணிப் பார்க்க விரும்புவோர் எண்ணிக்கொள்வர். அதற்கு அரைப்பக்கத்திற்கு மேல் வேண்டியிராது.