சான்றிதழ் கேட்காத ஆயிரம் ரூபாய்

யார் ஏழை என்று எப்படிக் கண்டுகொள்வது? எந்தக் கல்வி உதவித்தொகைக்கும் இதுதான் முதல் சிக்கல். பட்டியல் சாதி மாணவர்களுக்கான ஒன்றிய அரசின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை வருமானச் சான்றிதழை நம்புகிறது. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாயைத் தாண்டக் கூடாது. தமிழ்நாடு அரசு 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய புதுமைப் பெண் திட்டம் வேறு வழியில் போனது. 6 முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண், உயர்கல்வியில் சேர்ந்தால் மாதம் 1,000 ரூபாய் அவருடைய வங்கிக் கணக்குக்கே வரும். வருமான வரம்பு கிடையாது. திட்டத்தின் பலம், குறை இரண்டுக்கும் வேர் இந்த முடிவில்தான் இருக்கிறது.

கூலி வேலைக்குப் போகிறவர் தன் வருமானத்தைக் காகிதத்தில் காட்ட இ-சேவை மையம், கிராம நிர்வாக அலுவலர், வட்டாட்சியர் அலுவலகம் என்று அலைய வேண்டும். மகள் படித்த பள்ளியின் விவரமோ அரசின் கையிலேயே இருக்கிறது. தகுதியை மெய்ப்பிக்கும் சுமை ஏழையின் தலையிலிருந்து இறங்குகிறது. வேறு உதவித்தொகை பெறுபவரும் இதைப் பெறலாம். முன்பிருந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டத்தை மாற்றியமைத்தே இது வந்தது. கல்யாணத்துக்குக் கொடுத்த பணம் படிப்புக்குப் போனது நல்ல திருப்பம்.

ஆனால் அரசுப் பள்ளி என்ற அடையாளம் எல்லா ஏழைகளையும் காட்டாது. கடன் வாங்கிப் பக்கத்துத் தனியார் பள்ளியில் சேர்த்த ஆட்டோ ஓட்டுநரின் மகளுக்கு இதில் இடமில்லை. அரசுப் பள்ளியில் படித்திருந்தால் வசதியான வீட்டுப் பெண்ணுக்கும் உண்டு. அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களைப் பின்னால் சேர்த்ததே முதலில் போட்ட கோடு குறுகியது என்பதற்குச் சான்று. பகலில் வேலைக்குப் போய்க்கொண்டு தொலைதூரக் கல்வியில் படிப்பவர்கள் இன்னும் வெளியே நிற்கிறார்கள்.

தொகையும் யோசிக்க வைக்கிறது. மூன்றாண்டுப் பட்டப்படிப்புக்கு மொத்தம் 36,000 ரூபாய். பழைய திட்டம் பட்டதாரிப் பெண்ணின் திருமணத்துக்கு 50,000 ரூபாயும் தாலிக்குத் தங்கமும் கொடுத்தது. 2024 ஆகஸ்டில் ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் வந்தபோதும் அதே 1,000 ரூபாய்தான். வீட்டிலிருந்து கட்டணமில்லாப் பேருந்தில் கல்லூரிக்குப் போகிறவருக்கு இது கைச்செலவுக்கு உதவும். வெளியூரில் தனியார் விடுதியில் தங்கிப் படிப்பவருக்கு ஒரு மாதச் சாப்பாட்டுக்கே போதாது.

பள்ளியை அடையாளமாக வைத்ததைக் கைவிட வேண்டியதில்லை. அதில் விடுபட்டவர்கள் மட்டும் வருமானச் சான்றிதழ் காட்டிச் சேர இன்னொரு வழி திறக்கலாம். வெளியூரில் தங்கிப் படிப்பவருக்குத் தொகையைக் கூட்டலாம். விலைவாசிக்கேற்ப ஆண்டுதோறும் உயர்த்தலாம். திட்டத்தின் எளிமை குலையாமலே இம்மூன்றையும் செய்ய முடியும். அதுவரை இது நல்ல தொடக்கம் மட்டுமே. ஏழை வீட்டுப் பெண்ணின் பட்டத்துக்கு முழு உத்தரவாதம் ஆகாது.