செபிக்க இயலாத நாள்கள்

1995 ஜூனில் சிகாகோ பேராயர் கர்தினால் ஜோசப் பெர்னார்டினுக்குக் கணையப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. அறுவை சிகிச்சையும் கதிரியக்க சிகிச்சையும் பெற்றார். 1996 ஆகஸ்டில் நோய் கல்லீரலில் மீண்டும் தலைகாட்ட, நவம்பர் 14-ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். தம் இறுதி நாள்களில் அவர் எழுதி முடித்த ஆங்கில நூல் 1997-இல் வெளியானது. ‘அமைதி என்னும் கொடை’ என்பது அதன் பெயரின் பொருள்.

புற்றுநோயாளிக்கு அளிக்கத்தக்க நூல் என்று இதனைப் போற்றுவோர் பலர். முழுவதையும் ஒருங்கே அவர் கையில் கொடுப்பதில் எனக்குத் தயக்கம் உண்டு.

நூலின் உயிர்நாடி அறுவை சிகிச்சைக்குப் பிந்திய நாள்களைப் பற்றிய பகுதியே. செபிக்க விரும்பியும் வலி தம்மை விடவில்லை என்கிறார் கர்தினால். நலமாயிருக்கும்போதே செபியுங்கள், நோயுற்றபின் இயலாமற் போகலாம் என்று நண்பர்களிடம் கூறினாராம். விசுவாசம் தளரவில்லை, வலி மனத்தை நிறைத்துக்கொண்டது, அவ்வளவே. ஓர் ஆயர் இதனை எழுதியது சிறிய செய்தியன்று. நற்கருணை கொண்டு செல்லும் இல்லங்களில், “ஒரு செபமாலைகூடச் சொல்ல முடியவில்லையே, சாமி” என்ற விம்மலை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். நோயின் அச்சத்தோடு இக்குற்றவுணர்வையும் சுமப்போருக்கு, நம் மறையுரைகளைவிட இப்பக்கங்கள் ஆறுதல் தரும்.

சக நோயாளிகளைத் தேடிச் சென்று, அவர்களுக்காக மன்றாடி, கடிதம் எழுதிய பகுதியும் நன்று. பிறர் துயரில் பங்கேற்றது அவர் மனப்பாரத்தையும் குறைத்தது.

மரணத்தை நண்பனாக ஏற்கும் இறுதிப் பகுதியில்தான் இடறல். அருள்தந்தை ஹென்றி நூவனிடமிருந்து பெற்ற இச்சிந்தனை கர்தினாலுக்கு எளிதில் வசப்பட்டதன்று. 1993-இல் தம்மீது சுமத்தப்பட்ட பொய்க்குற்றச்சாட்டு, அதைச் சுமத்தியவரோடு 1994-இல் செய்துகொண்ட ஒப்புரவு, அதன்பின் நோய் என நீண்ட பாதையைக் கடந்தே அங்கு வந்து சேர்ந்தார். நோயை அறிந்த முதல் வாரத்திலேயே இதனைப் படிப்பவருக்கு, ‘எனக்கு ஏன் இவ்வமைதி இல்லை?’ என்ற புதியதோர் உளைச்சலே மிஞ்சும். பவுலடியாரோ சாவைக் கடைசிப் பகைவன் என்கிறார். கெத்சமனியில் ஆண்டவரும் கலங்கினார். அஞ்சுகிறவர் விசுவாசம் குன்றியவர் அல்லர்.

மேலும், சிகிச்சைச் செலவும் வேலையிழப்பும் ஒரு குடும்பத்தை எப்படி அலைக்கழிக்கும் என்பதற்கு இந்நூலில் விடை தேட வேண்டியதில்லை. பேராயரின் சூழல் வேறு.

ஆகவே, புதிதாக நோய் கண்டவருக்கு அறுவை சிகிச்சை பற்றிய பக்கங்களை மட்டும் உடனமர்ந்து வாசித்துக் காட்டுவேன். மரணத்தைப் பற்றிய பக்கங்களை அவரே கேட்கும் நாளில் திறக்கலாம்.